நாலு அடி இடம்

வெள்ளி இரவு பன்னிரண்டுக்கு வருமென்று
போஸ்டர் போட்டிருந்தாள் ஜெனிற்றா.
தன் பெயர் மட்டும்.
'மின்வெட்டு' என்ற எங்கள் குழுவின் பெயர்
மூலையில் பொடி எழுத்தில்கூட இல்லை.

பதினொன்று நாற்பதுக்கே
டேற்றா காட் ஒன்றைச் சுரண்டிப் போட்டுக்கொண்டு
கஸ்தூரியார் வீதிக் கடைக்குள்
ஷட்டரை அரைவாசி இறக்கிவிட்டு இருந்தேன்.
முதலாளிக்கு, கணக்கு முடிக்கிறேன் என்று சொல்லி.
சுற்றிவர பிவிசி குழாய், முழங்கை மூட்டு,
பெட்டி பெட்டியாய் ஆணி.

பன்னிரண்டு ஆச்சு. இல்லை.
பன்னிரண்டு எட்டு. வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.
பன்னிரண்டு பதினொன்றுக்கு அவள் முகம்:
பண்ணைப் பாலத்தில், எதிர்க்காற்றில்,
தலைமயிர் முழுக்க வாய்க்குள்.
ஆர் எடுத்த படமோ.
முந்தி என்றால் நான்தான் எடுப்பேன்.

தொடக்கத்தில் ஒரு நாய் குரைக்கிறது.
எனக்குத் தெரியும் அந்த நாயை.
கொக்குவிலில், முட்டைத் தட்டு ஒட்டிய அந்த அறைக்குப் பின்னால்
கட்டிக்கிடக்கிற கறுப்பன்.
எங்களுடைய எத்தனை றெக்கோடிங்கைக் கெடுத்தவன்.
கிளிஸ்ரன் கல்லெல்லாம் எறிந்திருக்கிறான்.
அவள் வெட்டாமல் விட்டிருக்கிறாள்.

பிறகு கிற்றார், ஒன்றே ஒன்று,
அம்ப் கொஞ்சம் பொரிகிற சத்தத்தோடு.
பிறகு குரல்.
"இந்தப் பிள்ளை பாடேல்லை, கத்துது" என்று
பாசையூர்க் கோயில் பாடகர் குழுவில் நிற்பாட்டிய குரல்.

பாட்டு, காதல் பற்றியில்லை, கடல் பற்றியில்லை.
இரண்டு தவணை பிந்தியதற்கு
ஸ்கூட்டியைத் தூக்கிக்கொண்டு போன லீசிங்காரன் பற்றி.
அவன் ஹெல்மெற்றைத் திருப்பிக் குடுத்தானாம்.
அந்த ஒரு வரியை ஆறு தரம் கத்துகிறாள்:
ஹெல்மெற்றை மட்டும் தந்தாய், தலையை என்ன செய்ய.

ஆனால் இரண்டாம் சரணத்தில் குரல் தணிகிறது.
பக்கத்து அறையில் ஆரோ நித்திரை என்பது மாதிரி.
எட்டு வருசம் அவளுக்குப் பின்னால் இருந்து அடித்தவன் நான்,
இந்தக் குரலை ஒருநாளும் கேட்டதில்லை.
என் சத்தத்தில் எங்கே கேட்க.

கிளிஸ்ரன் டோகாவுக்கு, சாருஜன் ஸ்காபரோவுக்கு.
போனவர்களோடு அவளுக்குக் கோபமில்லை.
நான்தான் எங்கேயும் போகாமல்,
சைக்கிளில் பத்து நிமிசத் தூரத்தில் இருந்துகொண்டு,
வராமல் விட்டவன்.

கடைசிச் சரணத்துக்கு முன்னால் எல்லாம் நிற்கிறது.
ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.
மூச்சும் இல்லை, நாயும் இல்லை.
அது என்னுடைய இடம்.
ஒவ்வொரு மேடையிலும் நான் பிந்துகிற,
அவள் திரும்பி முறைக்கிற அதே இடம்.
வேறு ஆரையாவது வைத்து நிரப்பியிருக்கலாம்,
கணினியில் தட்டியிருக்கலாம்,
இழுத்து ஒட்டி மூடியிருக்கலாம்.

அடுத்த தரம் போட்டபோது
கை தானாகப் போனது ஸ்குறூ டிறைவருக்கு.
நாலு அங்குலக் குழாயில் நாலு அடி.
பிந்தித்தான் விழுந்தது.
அதற்கடுத்த தரமும்.

ஒரு மணிக்கு நாற்பத்தொன்று என்று காட்டியது.
நாற்பத்தொரு தடவை கேட்கப்பட்டிருக்கிறது.
அதில் பதினேழு நான்.

அப்போதுதான் வந்தது செய்தி:
கேட்டனியோ?

"இன்னும் இல்லை, டேற்றா முடிஞ்சுது" என்று
உடனே அடித்து அனுப்பினேன்.
அதை அனுப்பவும் டேற்றா வேணும் என்பது
இரண்டு நீலச் சரி விழுந்த பிறகுதான் உறைத்தது.

எழுதுகிறாள் என்று காட்டியது.
பிறகு காட்டவில்லை.
பிறகும் எழுதுகிறாள்.

ஷட்டர் இன்னும் அரைவாசியில்தான் நிற்கிறது.